கட்டாயத் தடுப்பூசியும் அரசின் கடனும்

கேள்வி எங்கே பிசகுகிறது

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைச் சட்டம் கட்டாயமாக்கலாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும் இருதரப்பு வழக்காகவே நடக்கிறது. பெற்றோரின் உரிமை ஒரு பக்கம், அரசின் அதிகாரம் மறுபக்கம். ஊசியை உடம்பில் ஏற்க வேண்டிய குழந்தையோ, பாகப்பிரிவினை வழக்கில் நிலம் கிடப்பதுபோல, பேசப்படும் பொருளாக மட்டும் கிடக்கிறது. நூற்றெழுபது ஆண்டுகளாக இவ்விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்பதற்கு இந்த அமைப்பே முதற்காரணம் எனலாம். இரு தரப்பும் பிள்ளையின் மீதான ஆளுகை யாருக்கு என்று கேட்கின்றன. பிள்ளைக்கு யார் எவ்வளவு கடன்பட்டவர் என்று கேட்பதில்லை.

'கடன்' என்ற சொல்லைத் தெரிந்தே இங்கு எடுக்கிறேன். தமிழில் அது கடமையையும் குறிக்கும், திருப்பிச் செலுத்த வேண்டியதையும் குறிக்கும். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், பிள்ளை ஒருவனை ஆளாக்கும் கடனைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று பங்கிட்டு வைக்கிறார். மேடைப் பேச்சுகளில் தாய், தந்தையோடு நின்றுவிடும் அந்தப் பட்டியலில் வேந்தனுக்கும் ஒரு பங்கு உண்டு. (அங்கே பிள்ளைக்கு விதிக்கப்படும் கடன் போர்க்களம் சென்று யானையை வீழ்த்தி மீள்வது என்பதால், குழந்தை நலத்துக்கு அப்பாடலை அப்படியே மேற்கோளாக்குவது பொருந்தாது. பங்கீடு என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.)

இக்கட்டுரையின் வாதம் இது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பெற்றோரின் கடமை. மறுப்பதற்கு மருத்துவக் காரணம் தவிர வலுவான வேறு காரணம் இல்லை. ஆனால், கடமை இருக்கிறது என்பதாலேயே அதைத் தண்டனையால் நிறைவேற்றும் தகுதி அரசுக்கு வந்துவிடாது. தன் பங்குக் கடனை முதலில் செலுத்திய அரசுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. இந்தியாவில் அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மனச்சான்று சட்டத்துக்குள் நுழைந்த கதை

இங்கிலாந்து 1853இல் இயற்றிய சட்டம், பிறந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு அம்மைப்பால் குத்துவதைக் கட்டாயமாக்கியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் வயது வரம்பைப் பதினான்காக உயர்த்தியது. ஒரே குழந்தைக்காக ஒரே பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிக்கவும் வழிசெய்தது. 1871இல் இதற்கென்றே அலுவலர்களை அமர்த்துவது கட்டாயமாயிற்று. அபராதம் 20 ஷில்லிங் வரை. கையில் காசுள்ள வீட்டுக்கு அது ஓர் எரிச்சல். ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கு அது வார வருமானம். கட்ட முடியாதவர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போயின. ஏலத்திலும் தேறாதவர்கள் சிறை சென்றனர். போதாக்குறைக்கு, பொதுச் செலவில் அம்மை குத்தும் வேலை ஏழைகள் சட்டத்தை நடத்திய வாரியங்களிடம் விடப்பட்டிருந்தது. பிச்சைக்கார விடுதியின் வாடை அடித்த கையால் ஊசியும் வந்தது என்பதை எதிர்ப்பாளர்கள் மறக்கவில்லை.

அன்றைய எதிர்ப்பை அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அம்மைப்பாலை ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து இன்னொரு குழந்தையின் கையில் ஏற்றிய காலம் அது. மேகநோய் தொற்றிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியுள்ளன. எதிர்ப்பாளர்களின் கோட்பாடு பிழை. அவர்களது அச்சம் முழுக்கப் பிழையன்று. லெஸ்டர் நகரில் 1885 மார்ச் 23ஆம் நாள் நடந்த பேரணியில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். அந்நகரம் அம்மை குத்துவதைப் பெரும்பாலும் கைவிட்டு, நோயாளியை உடனே அறிவித்தல், தனிமைப்படுத்தல், தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணித்தல் என்ற வேறு வழியில் சென்றது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் இன்றும் லெஸ்டரைத் தம் வெற்றிச் சான்றாக முன்வைக்கிறார்கள். அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அம்மை மருத்துவமனையில் பணியாற்றியவர்களுக்கு அங்கே அம்மை குத்தப்பட்டிருந்தது. சுற்றிலும் இருந்த இங்கிலாந்தும் பெருமளவு அம்மை குத்திக்கொண்ட நாடுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: நோயாளியைத் தேடிக் கண்டு அவரைச் சுற்றி வளையம் போடும் அந்த முறையே, ஊசியோடு சேர்ந்து, 1970களில் பெரியம்மையை உலகிலிருந்து விரட்டியது.

1889இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஏழாண்டு விசாரணைக்குப் பிறகு, அம்மை குத்துவது பயனுள்ளது, ஆனால் தொடர் தண்டனை பயனற்றது என்ற இரண்டையும் சேர்த்தே சொன்னது. அதன் வழி வந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின்படி மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. பின்னாளில் போருக்குச் செல்ல மறுத்தவர்களைக் குறித்த ஆங்கிலப் பெயர் முதலில் பரவியது இந்த அம்மைக் குத்து விவகாரத்தில்தான். ஆனால் மனச்சான்று உண்மையானதுதானா என்று மதிப்பிடும் வேலையை நீதிபதிகளிடம் கொடுத்தபோது, படித்தவரின் மனச்சான்று எளிதாகவும் கூலிக்காரரின் மனச்சான்று அரிதாகவும் நம்பப்பட்டது. 1907இல் வெறும் உறுதிமொழியே போதும் என்று தளர்த்தினார்கள். 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது கட்டாயமே முடிவுக்கு வந்தது. காலவரிசை கவனத்துக்குரியது: எல்லோருக்கும் கட்டணமில்லா மருத்துவம் வந்த அதே சமயத்தில் அபராதச் சீட்டு போயிற்று.

இந்தியா கண்ட இரண்டு ஒழிப்புகள்

இந்தியாவிலும் கட்டாயம் புதிதன்று. 1880ஆம் ஆண்டுத் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளிலும் படைவீட்டுப் பகுதிகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க இடம் தந்தது. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் அத்தகைய அதிகாரம் உண்டு. பெயரில் தமிழ்நாடு என மாறி இன்றும் நடப்பில் உள்ள அச்சட்டத்தையே 2021இல் கோவிட் தடுப்பூசிக்காக அரசு தூசு தட்டி எடுத்தது. ஆனால் சட்டப் புத்தகத்தைவிட இரு நோய் ஒழிப்புகளின் வரலாறே நமக்கு அதிகம் கற்பிக்கிறது.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975 மே மாதத்தில். இறுதிக்கட்ட இயக்கத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பால் கிரீனோ, தெற்காசிய ஊர்களில் கதவை உடைத்துப் புகுந்ததையும், மறுத்தவர்களைப் பிடித்து வைத்து ஊசி போட்டதையும் 1995இல் வெளியான தம் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். நோய் ஒழிந்தது என்னவோ உண்மை. வற்புறுத்தல் இல்லாமலும் ஒழிந்திருக்குமா என்பதற்கு வரலாற்றில் விடை தேட முடியாது. ஆனால் அதன் விலை அடுத்த தலைமுறைத் திட்டங்களின் கணக்கில் ஏறியது என்பது கிரீனோவின் கவலை. நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடையும் அதே பத்தாண்டில்தான் நடந்தது. ஊசியோடும் வாகனத்தோடும் வரும் அரசுப் பணியாளரைக் கண்டு ஊர் ஏன் கதவைச் சாத்தியது என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

இளம்பிள்ளைவாதத்தின் கதை வேறு. 1995இல் தொடங்கிய சொட்டு மருந்து இயக்கத்துக்கு எந்தத் தண்டனைச் சட்டமும் பின்னால் இல்லை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவியது. அதைவிடக் கூர்மையான இன்னொரு மறுப்பும் அங்கே இருந்தது: சாலை இல்லை, மின்சாரம் இல்லை, காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை, இந்தச் சொட்டு மட்டும் மாதந்தோறும் வாசலுக்கு வருகிறதே, ஏன்? வதந்தியை மறுத்துவிடலாம்; இந்தக் கேள்வியை மறுக்க முடியாது. உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு வீடு வீடாகப் பேசியும், மதத் தலைவர்களையும் அலிகர் முதலிய பல்கலைக்கழகங்களையும் துணைக்கு அழைத்தும், சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கும் தூய்மைக்கும் வழிகாட்டியும் இயக்கம் அதற்கு ஓரளவு பதில் சொன்னது. 2009இல் 741 ஆக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2010இல் 42 ஆயிற்று. 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒன்று. அதன்பின் இயற்கை நச்சுயிரியால் வந்த நோய் இல்லை. 2014 மார்ச் 27இல் அது ஒழிந்ததற்கான சான்று கிடைத்தது.

இதே காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், வாய்வழிச் சொட்டு மருந்து இந்தியச் சூழலில் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை என்றும், அரிதாக அதுவே வாதத்தை உண்டாக்குகிறது என்றும், ஊசி வடிவ மருந்து வேண்டும் என்றும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார். 2015இன் இறுதியில் அந்த ஊசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தடுப்பூசித் திட்டத்தைக் கேள்வி கேட்போர் எல்லோரும் தடுப்பூசிக்கு எதிரிகள் என்று முத்திரை குத்தும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

நீதிமன்றங்கள் வரைந்த கோடுகள்

கட்டாயத்துக்கு ஆதரவான வாதங்கள் இரண்டு. ஒன்று, பிறருக்கான வாதம். தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தரக்கூடும். எனவே ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் காப்புப் பெற்றால்தான் பரவல் நிற்கும். இந்தியாவில் முதல் தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்தே போடப்படுகிறது. அதற்குக் குறைந்த வயதுக் கைக்குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கும், அடுத்த வீட்டுக் குழந்தையின் கையிலுள்ள ஊசித் தழும்பே கவசம். இரண்டு, அந்தக் குழந்தைக்கான வாதம். இந்த இரண்டும் வழக்கமாக ஒன்றாகப் பிசைந்து வைக்கப்படுகின்றன. பிரித்துக் காட்டுவது ரணஜன்னி. அது மண்ணிலிருந்து காயத்தின் வழி வருகிறது; ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ரணஜன்னி ஊசியை மறுக்கும் பெற்றோர் அண்டை வீட்டாருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. எனவே அதைக் கட்டாயமாக்கும் அரசு, சமூகக் காப்பு என்ற திரைக்குப் பின்னால் நிற்க முடியாது. பெற்றோரிடமிருந்தே குழந்தையைக் காக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஏப்ரல் 8இல் அளித்த வாவ்ரிச்கா தீர்ப்பு இந்த இடத்தில் பயனுள்ளது. செக் நாட்டில் ஒன்பது நோய்களுக்கான ஊசி கட்டாயம். ரணஜன்னியும் அதில் அடக்கம். மறுத்த தந்தைக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வேறு சில குழந்தைகளுக்கு மழலைப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. பதினேழு நீதிபதிகளில் பதினாறு பேர் இதில் உரிமை மீறல் இல்லை என்றனர். சமூக ஒப்புரவையும் குழந்தையின் மேலான நலனையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். யாரையும் பிடித்து வைத்து ஊசி போடவில்லை, அபராதம் மிதமானது, ஒருமுறைக்குமேல் இல்லை என்பவையும் அவர்களது கணக்கில் இருந்தன. 1867ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் அவர்கள்முன் வந்திருந்தால் தேறியிருக்குமா என்பது ஐயமே.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் ஜேக்கப் புலியல் வழக்கில் வேறு முனையிலிருந்து தொடங்கியது. உடல்மீதான தன்னாட்சி அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும். யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பொதுநலன் கருதி, தேவைக்கு ஏற்ற அளவில், கட்டுப்பாடுகள் விதிக்கலாம். பக்கவிளைவுத் தரவுகளை வெளியிடவும் அது பணித்தது. அதற்கு முன்பே 2019 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப் பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை என்ற அறிவிப்பை ஏற்க மறுத்தது. பக்கவிளைவுகளைச் சொன்னால் பெற்றோர் பின்வாங்குவார்கள் என்ற அரசின் வாதத்தையும் தள்ளியது. வளர்ந்தவரின் தன்னாட்சி என்ற அளவுகோலைக் குழந்தைக்கு அப்படியே நீட்ட முடியாது என்பது என் கருத்து. தந்தை தன் உடலுக்குத் தானே முடிவெடுக்கலாம். பிள்ளையின் உடலுக்கு அவர் காப்பாளர் மட்டுமே. 1956ஆம் ஆண்டு இந்துக் காப்பாண்மைச் சட்டமே சிறாரின் நலனைத் தலையாயதாக வைத்துவிட்டது. ஆனால் காப்பாளரிடம் தகவலை மறைப்பதும் குழந்தைக்கு இழைக்கும் குறையே என்ற தில்லித் தீர்ப்பின் உட்கிடை இதனால் தளர்வதில்லை.

மறுப்பா, எட்டாமையா

கட்டாயச் சட்டம் வேண்டுவோர், ஊசி போடாத குழந்தையின் பின்னால் மறுக்கும் பெற்றோர் ஒருவர் நிற்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் எண்கள் அந்தப் படத்தைக் கலைக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் அடிப்படை ஊசிகள் அனைத்தும் போடப்பட்டோர் 2005–06இல் 80.9 விழுக்காடு, 2015–16இல் 69.7, 2019–21இல் 89.2. இடையில் நேர்ந்த இந்தப் பள்ளத்தின் காலத்தில் இங்கு அமைப்பாகத் திரண்ட தடுப்பூசி எதிர்ப்பியக்கம் எதுவும் இல்லை. நடந்தது வேறு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின், ஊருக்குள் சென்று ஊசி போடுவதைக் குறைத்து, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது என்ற ஏற்பாடு வந்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கிராம சுகாதார செவிலியர் அங்கன்வாடிக்கு வருவதும், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிப் போவதும் ஒன்றல்ல. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்றால், கூலிக்குப் போகும் தாய்க்குப் புதன்கிழமைக் கூலி இல்லை. ஆய்வுக்கு ஆய்வு மாதிரி வேறுபடும் என்பதால் இந்த வீழ்ச்சி முழுவதையும் ஒரே முடிவின்மேல் ஏற்றிவிட முடியாது. எனினும், தூரம் கூடியபோது விழுக்காடு குறைந்தது என்பதையும் அபராதம் எதுவும் இல்லாமலே அது மீண்டது என்பதையும் கட்டாயத்தை வேண்டுவோர் விளக்கியாக வேண்டும்.

மறுப்பே இல்லை என்று வாதிடவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழி பரவிய அச்சத்தால் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் பின்வாங்கினர். படித்த, நகர்ப்புறப் பெற்றோரும் அவர்களில் அடக்கம். காலக்கெடுவை மார்ச் நடுப்பகுதி வரை நீட்டிக்க நேர்ந்தது. ஏன் திடீரென்று, ஏன் பள்ளியில், ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் என்ற கேள்விகளுக்குப் பதில் வதந்திக்குப் பின்னரே வந்தது. முந்தி வந்திருக்க வேண்டியது அது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் அனுபவம் சார்ந்தது: கட்டாயம் பலன் தருகிறது. உண்மைதான். இத்தாலி 2017இல் பத்து ஊசிகளைக் கட்டாயமாக்கிய பின், தட்டம்மை முதல் தவணை 2016இல் இருந்த ஏறத்தாழ 87 விழுக்காட்டிலிருந்து 2018இல் 93ஐத் தொட்டது. ஆனால் எங்கே பலன் தந்தது என்று பார்க்க வேண்டும். மருந்தகமும் மருத்துவரும் எட்டும் தூரத்தில் இருந்து, தயக்கம் மட்டுமே தடையாக இருந்த நாட்டில். தயக்கத்தை அபராதம் தள்ளிவிடும், தூரத்தைத் தள்ளாது. கலிபோர்னியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நம்பிக்கை சார்ந்த விலக்கை நீக்கியதும் மருத்துவ விலக்குச் சீட்டுகள் பெருகின. அதை அடைக்க 2019இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. விலக்குச் சீட்டு எழுதித்தர மருத்துவர் கிடைப்பது யாருக்கு என்று கேட்டால், மனச்சான்றை மதிப்பிட்ட 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீதிபதிகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதமே வலுவானது. அரசு தன் கடனை அடைக்கும்வரை குழந்தை காத்திருக்க வேண்டுமா? இன்று தட்டம்மையில் சாகும் குழந்தைக்கு அரசு நாளை அடைக்கும் கடனால் என்ன பயன்? இதற்குப் பாதிப் பதில்தான் என்னிடம் உண்டு. உயிராபத்து கண்முன் நிற்கும்போது, வெறிநாய் கடித்த பிள்ளைக்கு ஊசி மறுக்கும் தந்தையின் வழக்கைப் போல, நீதிமன்றமோ குழந்தைகள் நலக்குழுவோ தலையிடுவதற்குப் பொதுவான கட்டாயச் சட்டம் தேவையில்லை. புறக்கணிப்பைத் தடுக்கும் சட்டங்களே போதும். கொள்ளைநோய் பரவும்போது, காலவரம்புள்ள கட்டுப்பாட்டுக்குப் புலியல் தீர்ப்பே இடம் தருகிறது. இவற்றுக்கு வெளியே, வழக்கமான அட்டவணை ஊசிக்காகப் பெற்றோரைத் தண்டிப்பது எத்தனை உயிரைக் காக்கும் என்பது, அந்த ஊரில் மறுப்பவர் எத்தனை பேர், எட்டாதவர் எத்தனை பேர் என்ற கணக்கைப் பொறுத்தது. எட்டாதவரே மிகுந்த ஊரில் அபராதம் ஒரு குழந்தையையும் காக்காது.

மூன்றாவது: பள்ளியில் சேர்க்க ஊசிச் சான்று கேட்கலாமே? கேட்கலாம், சேர்க்க மறுக்கக் கூடாது. பெற்றோரின் தவறுக்குப் பிள்ளை தண்டனை பெறுவது ஒரு குறை. வகுப்பறையோடு மதிய உணவும் போய்விடும் என்பது இன்னொரு குறை. ஜெர்மனி 2020 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தட்டம்மைச் சட்டம் மழலைப் பள்ளிக்கு இடம் மறுக்கிறது. ஆனால் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளையை வெளியேற்றுவதில்லை, பெற்றோருக்கு அபராதம் விதிக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உள்ள நாட்டுக்கு இது பொருந்தும் எல்லை. தாய் சேய் நல அட்டையில் விடுபட்ட ஊசியைச் சேர்க்கை நாளன்று பள்ளியிலேயே, பெற்றோர் முன்னிலையில் போட்டுவிட முடியும்.

நிலுவைக் கணக்கு

அரசின் கடனில் எட்டும் தூரமும் நேர்மையான தகவலும் சேரும். இவை ஓரளவு பேசப்படுகின்றன. பேசப்படாதது இழப்பீடு. எந்தத் தடுப்பூசிக்கும் மிக அரிதாகக் கடும் பின்விளைவு உண்டு. இலட்சக்கணக்கில் ஒன்று என்றாலும் அந்த ஒன்று ஒரு வீட்டுப் பிள்ளை. எல்லோர் நன்மைக்காகவும் ஊசி போடு என்று ஆணையிடும் அரசு, அந்த ஒரு வீட்டின் இழப்பை எல்லோர் செலவிலும் ஏற்க வேண்டும். இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை 1990இல் சட்டமாகவே ஆக்கியது. இளம்பிள்ளைவாத ஊசியைக் கட்டாயமாக்கிய 1966ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தர வகை செய்யாததால் அந்த அளவுக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1992இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டனில் ஊசி கட்டாயமில்லை. ஆயினும் 1979இலேயே இழப்பீட்டுச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் 1986 முதல் உண்டு.

இந்திய நாடாளுமன்றம் குழந்தைத் தடுப்பூசிக்கு இத்தகைய தனிச்சட்டம் எதையும் இயற்றவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு கோவிட் ஊசி மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றத்தில் சொன்ன நிலைப்பாடு, ஊசி விருப்பத்தின்பேரில் போடப்பட்டது, எனவே அரசு நேரடிப் பொறுப்பேற்க இயலாது, பாதிக்கப்பட்டோர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதாகும். இந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டு சென்றால், ஊசி கட்டாயமாகும் நாளில் பொறுப்பும் அரசின் தலையில் வந்து ஏறுகிறது. கட்டாயத்தைக் கோருவோர் எவரும், கோரிக்கையின் இந்த இரண்டாம் பாதியை எழுதித் தந்து நான் பார்த்ததில்லை. திருவள்ளூரில் அந்த நான்கு வீடுகளிலும் யாரும் ஊசியை மறுக்கவில்லை.